அம்மா குடிக்காத மருந்துக்கும் கிருமி ஏன் மடியவில்லை?

மூதூரிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தெட்டு வயதான உங்கள் அம்மாவுக்குச் சலக்கடுப்பும் காய்ச்சலும் வந்து, திருகோணமலையில் சிறுநீர் கல்ச்சர் செய்தபோது ஈ.கோலை பற்றீரியா வளர்ந்தது. அம்பிசிலின், செஃபுரொக்சிம், செஃபோடாக்சிம், சிப்ரோஃப்ளொக்சசின், கோட்ரைமொக்சசோல், ஜென்டாமைசின் ஆகிய ஆறு மருந்துகளுக்கு எதிரே ‘ஆர்’ (கிருமி மடியாது) என்றும், நைட்ரோஃபியூரன்டோயின், அமிகாசின், மெரோபெனெம் ஆகிய மூன்றுக்கு எதிரே ‘எஸ்’ (கிருமி மடியும்) என்றும், அடியில் ‘ஈ.எஸ்.பி.எல்’ என்றும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. உங்கள் நினைவுக்கு எட்டியவரை அம்மா அமொக்சிசிலினும், சென்ற வருடம் வயிற்றோட்டத்துக்குப் பாமசியில் வாங்கிய சிப்ரோஃப்ளொக்சசின் குளிசையும் மட்டுமே குடித்திருக்கிறார். அப்படியிருக்க, பெயரே கேள்விப்படாத மருந்துகளுக்கெல்லாம் அவருடைய உடம்பு எப்படிப் பழகிப்போனது, இந்தக் கிருமி இனி அவரை விட்டுப் போகுமா என்று கேட்கிறீர்கள். இருபது வருடங்களுக்கு மேலாக ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டுகளைப் பார்த்து ‘ஆர்’ என்றும் ‘எஸ்’ என்றும் எழுதிவந்தவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அந்த ரிப்போர்ட்டை வாங்கிச் செல்பவர்களில் பெரும்பாலோர் ஆறு ‘ஆர்’களையும் ஆறு தனித்தனிக் கேடுகளாகவே எண்ணிக்கொள்கிறார்கள்; உண்மையில் அவை ஒன்றோடொன்று கட்டப்பட்டவை.

முதலில், பழகியது அம்மாவின் உடம்பு அன்று. நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிர்ப்பு இருப்பது பற்றீரியாவில். மனித உடம்பு அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதாக, பற்றீரியாவும் மருந்தைக் கண்டு அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளவில்லை. இதை ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் 1952 இல் ஒரு வெல்வெட் துணியைக் கொண்டே காட்டினார்கள். மருந்தில்லாத தட்டில் வளர்ந்த பற்றீரியாக் கூட்டங்களின் மேல் துணியை ஒற்றி, அதே ஒழுங்கில் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பல தட்டுகளில் ஒற்றியபோது, எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்திலேயே பற்றீரியா தப்பி முளைத்தது. மூலத் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்து வளர்த்த பற்றீரியா, மருந்தை ஒருபோதும் சந்திக்காமலேயே எதிர்ப்புடன் இருந்தது. அதாவது எதிர்ப்பு முன்பே அங்கே இருந்தது. மருந்து செய்த வேலை, இல்லாதவற்றைக் கொன்று இருந்தவற்றுக்கு இடம் விட்டதுதான்.

முன்பே இருந்த அந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு: சொந்த டி.என்.ஏயில் நேரும் எழுத்துப்பிழை ஒன்று, பிற பற்றீரியாவிடமிருந்து பெறும் ஆயத்தமான பரம்பரை அலகு (ஜீன்) மற்றொன்று. முதலாவதை விகாரம் என்கிறோம். ஈ.கோலையின் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள் உள்ளன. பிரிவடையும்போது ஆயிரம் கலங்களில் ஏறத்தாழ ஒன்றில் ஓர் எழுத்தாவது பிழையாகப் படியெடுக்கப்படுகிறது. இது மிக அரிது போலத் தோன்றும். ஆனால் தொற்றுள்ள சிறுநீரின் ஒரு மில்லிலீற்றரிலேயே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பற்றீரியா இருப்பதையும், சாதகமான சூழலில் அவை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பிரிவதையும் சேர்த்துப் பார்த்தால், ஏதோ ஒரு கலத்தில் நமக்குத் தீங்கான இடத்தில் பிழை விழுவது நிச்சயம் என்றே கொள்ள வேண்டும். அம்மாவின் ரிப்போர்ட்டில் சிப்ரோஃப்ளொக்சசினுக்கு எதிரே உள்ள ‘ஆர்’ பெரும்பாலும் இவ்வாறே தொடங்கியிருக்கும். அந்த மருந்து, டி.என்.ஏயின் முறுக்கை அவிழ்த்துக் கட்டும் கைரேஸ் என்ற நொதியத்தைப் பற்றிப்பிடித்துக் கொல்கிறது. அந்த நொதியத்தின் 83 ஆம் இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லியூசீன் வந்தமர்ந்தால் மருந்தின் பிடி நழுவிவிடும். அதன் துணை நொதியத்திலும் இதேபோன்ற இன்னொரு பிழை சேரும்போது, குளிசையால் எட்ட முடியாத அளவுக்கு எதிர்ப்பு உயர்கிறது. மருந்தைக் குறைந்த அளவில், இரண்டு மூன்று நாள் மட்டும் குடித்து நிறுத்துவது, முதற்பிழை மட்டும் கொண்டவற்றைத் தப்பவைத்து இரண்டாவது பிழைக்கு அவகாசம் தருவதாகும்.

ஆயினும் உங்கள் கேள்வியின் மையம் விகாரத்தில் இல்லை, ‘ஈ.எஸ்.பி.எல்’ என்ற நான்கு எழுத்துகளில் இருக்கிறது. பெனிசிலினும் அதற்கு உறவான செஃபலோஸ்போரின் மருந்துகளும் பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டி முடிக்க விடாமல் தடுப்பவை. அவை எல்லாவற்றின் நடுவிலும் பீட்டா-லாக்டம் என்ற நான்கு அணுக்களாலான சிறு வளையம் உண்டு. மருந்தின் வலிமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அந்த வளையத்தை நீரைக் கொண்டு உடைத்துவிடும் நொதியங்களே பீட்டா-லாக்டமேஸ்கள். ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய நொதியத்தை ஈ.கோலையிலிருந்து 1940 இலேயே அறிவித்துவிட்டார்கள். நோயாளிகளுக்குப் பெனிசிலின் ஊசியாக ஏற்றப்பட்டதோ 1941 இல்தான். மருந்து வைத்தியசாலைக்குள் வருவதற்கு முன்னரே அதை உடைக்கும் கருவி ஆயத்தமாக இருந்திருக்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, ஏனெனில் நாம் மருந்தென்று எடுத்துக்கொண்டவற்றில் பல, மண்ணில் பூஞ்சைகளும் பற்றீரியாக்களும் எண்ணற்ற காலமாக ஆக்கி வந்த பொருள்களே. கனடாவின் யூக்கொன் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து பீட்டா-லாக்டம், டெட்ராசைக்கிளின், வன்கோமைசின் ஆகியவற்றுக்கு எதிர்ப்புத் தரும் பரம்பரை அலகுகளைப் பிரித்தெடுத்து 2011 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

பழைய பீட்டா-லாக்டமேஸ்கள் அம்பிசிலினை உடைக்கும். செஃபோடாக்சிமின் பருத்த பக்கக்கிளை அவற்றின் வாய்க்குள் நுழையாது. அதற்காகவே அந்த மருந்து வடிவமைக்கப்பட்டது. பின்னர் இரண்டு விதமாக அந்த அரண் உடைந்தது. பழைய நொதியத்தின் பரம்பரை அலகில் ஓரிரு எழுத்துகள் மாறி வாய் அகன்றது ஒரு விதம். மற்றது, இன்று நம் பகுதி உட்பட உலகெங்கும் மேலோங்கி நிற்பது: சி.டி.எக்ஸ்-எம் என்ற நொதியக் குடும்பம். இதன் மூதாதை, மனிதருக்கு அரிதாகவே நோய் தரும் குளுய்வெரா என்ற பற்றீரியாவின் நிறமூர்த்தத்தில் யாருக்கும் தொல்லையின்றி இருந்த ஒரு சாதாரண பரம்பரை அலகு. டி.என்.ஏயில் இடம்விட்டு இடம் தாவும் ஒரு சிறு துண்டு அதன் அருகே வந்து ஒட்டி, அதையும் தூக்கிக்கொண்டு, நிறமூர்த்தத்துக்கு வெளியே இருக்கும் பிளாஸ்மிட்டு என்ற டி.என்.ஏ வட்டம் ஒன்றின் மேல் ஏறியது. தாவிய துண்டின் முனையில், அருகிலுள்ள அலகை வலுவாக இயக்கத் தூண்டும் தொடரும் இருந்தது. ஆகவே சொந்த வீட்டில் மெதுவாக உற்பத்தியான நொதியம் புது வீட்டில் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. விரிந்த வீச்சுடைய பீட்டா-லாக்டமேஸ் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ‘ஈ.எஸ்.பி.எல்’. கிளவுலானிக் அமிலம் இந்த நொதியத்தை அடக்கிவிடும். தட்டில் செஃபோடாக்சிம் வில்லைக்குப் பக்கத்தில் கிளவுலானிக் அமிலமுள்ள வில்லையை வைத்தால் இரண்டுக்கும் இடையில் வளர்ச்சியற்ற வெளி சாவித்துளை போல நீண்டு தெரியும். அந்த உருவத்தைப் பார்த்துத்தான் நாங்கள் அந்த நான்கு எழுத்துகளை எழுதுகிறோம்.

மற்ற ‘ஆர்’களின் வழி வேறு. கோட்ரைமொக்சசோல் பற்றீரியாவின் ஃபோலிக் அமிலத் தயாரிப்பில் இரண்டு நொதியங்களை முடக்குகிறது. எதிர்ப்புள்ள பற்றீரியா அவற்றைக் காப்பாற்ற முயல்வதில்லை, மருந்து ஒட்டாத மாற்று நொதியங்களைக் கடனாகப் பெற்றுக் காரியத்தை முடித்துக்கொள்கிறது. ஜென்டாமைசினை உடைக்காமல், அதன் மேல் ஒரு வேதிக்கூட்டத்தை ஒட்டிவிட்டு, பற்றீரியா புரதம் ஆக்கும் இடமான றைபோசோமில் பொருந்தாதபடி செய்துவிடும் நொதியங்கள் உண்டு. இந்த ஒட்டும் குடும்பத்தில் ஒன்று இரண்டே அமினோ அமிலங்கள் மாறி, சிப்ரோஃப்ளொக்சசினின் மேலும் அதே கூட்டத்தை ஒட்டக் கற்றிருப்பது 2006 இல் தெரியவந்தது. ஒரே பரம்பரை அலகு, தொடர்பே இல்லாத இரண்டு மருந்துக் குடும்பங்களைத் தொடுகிறது. கலத்துக்குள் வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் புரதப் பம்பிகளும், உள்ளே வரும் துளைகளை அடைத்துவிடும் விகாரங்களும் இவற்றுக்குத் துணை நிற்கின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். இத்தனை அலகுகளும் ஒரே கலத்தில் எப்படிச் சேர்ந்தன? 1950களில் ஜப்பானில் வயிற்றுளைவு பரவியபோது, ஷிகெல்லா பற்றீரியா சல்ஃபொனமைட்டு, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்ஃபெனிகோல், டெட்ராசைக்கிளின் ஆகிய நான்குக்கும் ஒருசேர எதிர்ப்புக் காட்டியது. நான்கு விகாரங்கள் ஒரே கலத்தில் தனித்தனியாக நேர்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். மேலும் ஒரே நோயாளியிடமிருந்து எடுத்த ஒரே வகை ஷிகெல்லாவில், நான்குக்கும் மடிவதும் நான்கையும் எதிர்ப்பதும் அருகருகே இருந்தன. அக்கிபா, ஒச்சியாய் என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959 இல், எதிர்ப்புள்ள ஈ.கோலையைச் சாதாரண ஷிகெல்லாவோடு கலந்து வளர்த்தபோது நான்கு எதிர்ப்புகளும் ஒரே மூச்சில் இடம்மாறுவதைத் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். நிறமூர்த்தத்துக்குப் புறம்பான வட்டமான டி.என்.ஏ ஒன்று, இரண்டு கலங்களுக்கிடையே ஏற்படும் இணைப்பின் வழியே தன் படியொன்றை அனுப்பிவைக்கிறது. அதுவே பிளாஸ்மிட்டு. அதன் மேல் தாவும் துண்டுகளும், எதிர்ப்பு அலகுகளை மாலையில் பூத்தொடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும் இன்டெக்ரோன் என்ற அமைப்பும் இருக்கின்றன. இதுபோன்ற ஈ.கோலையில், செஃபோடாக்சிமை உடைக்கும் அலகும், கோட்ரைமொக்சசோலைச் சுற்றிப்போகும் அலகும், ஜென்டாமைசினை முடக்கும் அலகும் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்து இருப்பது மிக வழமையானது.

கரைவலையை இழுக்கும்போது நாம் கண்வைத்த மீன் மட்டும் கரைக்கு வருவதில்லை. மடியில் இருப்பதெல்லாம் சேர்ந்தே வருகிறது. அம்மா குடித்த அமொக்சிசிலின் அந்தப் பிளாஸ்மிட்டைச் சுமக்காத குடற்பற்றீரியாவைக் கொன்றது, சுமந்தவை பெருகின, கூடவே அவர் குடித்திராத ஜென்டாமைசினுக்கான எதிர்ப்பும் பெருகியது. சிப்ரோஃப்ளொக்சசின் இதை இன்னொரு படி முன்னே கொண்டு சென்றிருக்கும். அந்த மருந்தால் டி.என்.ஏ சிதைவுறும் பற்றீரியா ஒருவித அபாய நிலைக்குள் செல்கிறது. அந்த நிலையில் எதிர்ப்பு அலகுகள் சிலவற்றின் இடமாற்றம் பல மடங்கு கூடுவதைக் கொலராப் பற்றீரியாவில் உள்ள எஸ்.எக்ஸ்.டி என்ற இடம்மாறும் டி.என்.ஏயில் 2004 இல் காட்டியிருக்கிறார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அம்மா எந்த மருந்தும் குடிக்காமலேயே இந்தக் கிருமி அவருக்கு வந்திருக்கவும் கூடும். ஈ.கோலை உணவாலும் நீராலும் கையாலும் வாட்டுகளிலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கிறது. யாரோ ஒருவர் எப்போதோ குடித்த மருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட எதிர்ப்பு அலகுகளின் கொத்து, முழுதாக இன்னொருவரின் குடலுக்கு வந்து சேர்கிறது. ஆகவே ‘நான் பிழையாக மருந்து கொடுத்துவிட்டேனோ’ என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்வதற்குக் காரணமில்லை.

அப்படியானால் ஒரு மருந்தைச் சில வருடங்கள் நிறுத்திவைத்தால் அதற்கான எதிர்ப்பு மறைந்துவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிரித்தானியாவில் 1990களில் சல்ஃபொனமைட்டு எழுதிக்கொடுப்பது 97 சதவீதம் குறைந்தது. கிழக்கு இலண்டனில் 1991 இல் ஏறத்தாழ 40 சதவீத ஈ.கோலையில் காணப்பட்ட அந்த எதிர்ப்பு, 1999 இல் 46 சதவீதமாக இருந்தது. கொத்தில் அடுத்திருந்த அலகுகளை வேறு மருந்துகள் காப்பாற்றிக்கொண்டிருந்தன. போதாதற்குப் பல பிளாஸ்மிட்டுகள் நிலைத்து நிற்கும் நஞ்சொன்றையும் விரைவில் அழிந்துவிடும் முறிப்பான் ஒன்றையும் சேர்த்தே ஆக்குகின்றன. பிளாஸ்மிட்டை இழந்த மகட்கலத்தில் முறிப்பான் தீர்ந்துபோக, எஞ்சிய நஞ்சு அதைக் கொன்றுவிடும். எதிர்ப்பைச் சுமப்பது பற்றீரியாவுக்குப் பாரம்தான், ஆனால் இறக்கிவைக்க விடாத பாரம்.

இதெல்லாம் வைத்தியசாலைக்குள் மட்டும் நடப்பதாக எண்ண வேண்டாம்; நம் கடலும் வயலும் இதில் அடக்கம். சிப்ரோஃப்ளொக்சசினிடமிருந்து கைரேஸைப் பொத்திக்காக்கும் கியூ.என்.ஆர் என்ற அலகுகள் பிளாஸ்மிட்டில் இருப்பது 1998 இல் அறிவிக்கப்பட்டது. அவற்றில் ஒன்றின் மூலம் ஷிவனெல்லா ஆல்கே என்ற நீர்வாழ் பற்றீரியா என்று 2005 இல் தெரிந்தது. அதே வருடத்தில், கொலராப் பற்றீரியா கைட்டின் மேல் வளரும்போது சூழலில் கிடக்கும் டி.என்.ஏயை உள்ளிழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்பதும் காட்டப்பட்டது. கைட்டின் என்பது இறால், நண்டு ஓடுகளின் பொருள். கொட்டியாரக்குடாவில் மகாவலி கடலோடு கலக்கும் இடத்தைப் போன்ற கழிமுகங்கள் எல்லாவற்றிலும் அது நிறைந்திருக்கிறது. நமக்கு எதிரே விரிந்திருக்கும் இதே வங்கக் கடலின் கரையில், 1992 இல் மதராஸில் தலைகாட்டிய ஓ139 என்ற கொலரா வகை, கோட்ரைமொக்சசோல், ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்ஃபெனிகோல் ஆகியவற்றுக்கான எதிர்ப்பை நான் முன்பு சொன்ன எஸ்.எக்ஸ்.டி என்ற ஒரே துண்டில் கொண்டுவந்தது.

வயலைப் பொறுத்தவரை, மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பற்றீரியா கிழக்கு மாகாணத்தின் மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது. நீரிழிவுள்ள கமக்காரர்கள் மழைக்காலத்தில் இதற்கு அதிகம் ஆளாகிறார்கள். இது யாரிடமும் கடன் வாங்கவில்லை. பெனிசிலின், அம்பிசிலின் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் ஜென்டாமைசினுக்கும் பிறப்பிலேயே அசையாதது. ஜென்டாமைசினை வெளியே இறைக்கும் பம்பி அதன் சொந்த நிறமூர்த்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மூதூரிலோ தம்பலகாமத்திலோ வயலில் இறங்கும் ஒருவரின் நிமோனியா வழமையான ஊசிகளுக்கு அடங்காதபோது, வைத்தியரிடம் ‘இவர் வயல் செய்கிறவர், சீனி வருத்தமும் இருக்கிறது’ என்று சொல்வது ஓர் ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடான தகவல்.

காசநோய் இதற்கெல்லாம் மறுதலை. அந்தப் பற்றீரியா பிளாஸ்மிட்டு வழியாக எதிர்ப்பைக் கடன் பெறுவதில்லை. அதன் மருந்தெதிர்ப்பு சொந்த நிறமூர்த்தத்தில் நேரும் விகாரங்களிலிருந்தே வருகிறது. ஐசோனியசிட்டுக்கான விகாரம் ஏறத்தாழப் பத்து இலட்சம் கலங்களில் ஒன்றிலும், ரிஃபாம்பிசினுக்கானது ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்றிலும் நேர்கிறது. இரண்டும் ஒரே கலத்தில் நேர்வதற்கு ஒரு கோடி கோடியில் ஒரு வாய்ப்பு. ஒரு நோயாளியின் நுரையீரலில் அத்தனை பற்றீரியா இருக்காது. பல மருந்துகளைச் சேர்த்து, ஆறு மாதம் விடாமல் கொடுப்பதன் கணக்கு இதுதான். இடையில் ஒரு மருந்தை மட்டும் விட்டுவிடுகிறவர் அந்தப் பெருக்கலைத் தாமே உடைக்கிறார். உங்கள் அம்மாவின் ஈ.கோலையிலோ இந்தப் பெருக்கல் செல்லாது, ஏனெனில் அங்கே எதிர்ப்புகள் ஒரே பிளாஸ்மிட்டில் சேர்ந்து வந்துவிடுகின்றன.

எஞ்சிய மூன்று ‘எஸ்’களும் இதே தர்க்கத்தால் விளங்கும். நைட்ரோஃபியூரன்டோயின் பற்றீரியாவின் சொந்த நொதியங்களாலேயே நஞ்சாக மாற்றப்படும் மருந்து. அதை எதிர்க்க அந்த நொதியங்களைப் படிப்படியாக இழக்க வேண்டும். ஓர் அலகைப் பிறருக்குக் கொடுக்கலாம், ஓர் இழப்பைப் பொதியாக்கி அனுப்ப முடியாது. ஆகையால் இத்தனை காலம் சென்றும் அது பயன்படுகிறது. ஆனால் அது சிறுநீரில் மட்டுமே செறிவாகச் சேர்வதால், சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு உதவாது. அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தும் ஏன் அந்த மலிவான குளிசையைக் கொடுக்கவில்லை என்ற உங்கள் ஆதங்கத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அமிகாசின், ஒட்டும் நொதியங்களின் கை பல இடங்களில் எட்டாதபடி 1972 இல் கனமைசின் என்ற பழைய மருந்துக்கு ஒரு பக்கக்கிளை சேர்த்து ஆக்கப்பட்டது. மெரோபெனெமின் வளையத்தை ஈ.எஸ்.பி.எல்லால் உடைக்க முடியாது. ஆனால் என்.டி.எம்-1 என்ற வேறொரு நொதியத்தால் முடியும். 2008 இல் புதுடில்லியில் வைத்தியசாலையில் இருந்துவிட்டுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் இருந்த கிளெப்சியெல்லா என்ற பற்றீரியாவிலிருந்து அது விவரிக்கப்பட்டது. அதுவும் பிளாஸ்மிட்டில் ஏறியே உலகைச் சுற்றியது. மெரோபெனெம் ‘எஸ்’ என்றிருந்தும் வைத்தியர் அதை உடனே எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

கிருமி அம்மாவை விட்டுப் போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். சிறுநீர்த் தொற்று குணமான பின்னரும் ஈ.எஸ்.பி.எல் ஈ.கோலை குடலில் பல மாதங்கள் தங்கலாம். சிலரில் ஒரு வருடத்தையும் தாண்டும். அங்கே அது நோய் எதுவும் செய்வதில்லை, ஆகவே அதை அகற்றவென்று மருந்து கொடுப்பதும் இல்லை. தேவையில்லாத நுண்ணுயிர்க்கொல்லி எதுவும் குடலுக்குள் போகாதிருந்தால், பெரும்பாலானவர்களில் மற்றப் பற்றீரியாக்கள் மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதுவரை செய்ய வேண்டியது, அந்த ரிப்போர்ட்டைக் கிளினிக் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருந்து, அடுத்த முறை காய்ச்சலோ சலக்கடுப்போ வந்தால் முதல் மருந்து எழுதப்படும் முன்னரே வைத்தியரிடம் காட்டுவது. புதிய கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அந்த இடைவெளியில் எந்த மருந்தைத் தொடங்குவது என்பதை அந்தப் பழைய ரிப்போர்ட்டை வைத்தே அவர் முடிவு செய்வார்.